மலிவான மின்வழங்கியை நம்பலாமா?

சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுது, படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலம் கடந்து சைக்கிளில் வந்த மாணவர் ஒருவர், தீப்பெட்டியிலும் சற்றே பெரிதான சுற்றுப் பலகை ஒன்றை எமது மேசைமீது வைத்தார். “ஐயா, அப்பா இரவில் வாவிக்குக் கொண்டுபோகும் தலைவிளக்கின் மின்கலத்துக்கு இதனாலே மின் ஏற்றலாமா?” என்பது அவர் கேள்வி. பழைய மடிக்கணினியொன்றின் 19 வோல்ற்று மின்னேற்றியை இதற்கு ஊட்டுவது, இதிலிருந்து 4.2 வோல்ற்று எடுப்பது, மின்கலத்தைப் பூட்டிவிட்டு உறங்குவது என்பது அவரது திட்டம்.

கேள்வி சிறியது, ஆனால் ஒரு வீடும் அதில் உறங்குவோரும் அதனுள் அடங்குவர். ஆதலின் அன்று மாலை முழுவதும் அந்தப் பலகையைப் பரீட்சிப்பதிற் கழித்தோம். கண்டவற்றை இவ்வாரம் வாசகர்முன் வைக்கிறோம்.

கடைக்காரர் ‘மொடியூல்’ என்று சொல்லும் இப்பொருள், வேண்டிய அளவுக்கு மின்னழுத்தத்தைத் திருகிக் குறைத்துக்கொள்ளும் மின்வழங்கியாகும். ஆய்வுகூட மேசையில் இருக்கும் நல்ல மின்வழங்கி பல்லாயிரம் ரூபாய் பெறும். இதுவோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உயர்தர வகுப்பில் பௌதிகவியலோ தொழினுட்பமோ பயிலும் மாணாக்கர் பலருக்கு வாங்கக்கூடிய மின்வழங்கி இதுவே. ஆகவே இதை இகழ்ந்து ஒதுக்குவது எமது நோக்கமன்று.

இதன் தொழிற்பாட்டை அறிதல் நன்று. 19 வோல்ற்றிலிருந்து 5 வோல்ற்றில் 3 அம்பியர் எடுக்க வேண்டுமென்போம். பழைய முறையில், மிகுதி 14 வோல்ற்றும் வெப்பமாகவே கழியும்; அது 42 உவாற்று. கையிற் பிடிக்கும் பற்றாசுக்கோலுக்கு நிகரான சூடு! இப்பலகையோ வேறு வழியிற் செல்கிறது. இதிலுள்ள எல்.எம்.2596 என்னும் சில்லு, வரும் மின்னோட்டத்தை ஒரு செக்கனில் 1,50,000 தடவை திறந்து மூடுகிறது. அத்துண்டுகளைத் தூண்டற்சுருளும் கொள்ளளவியும் வாங்கிச் சமன் செய்து வெளியே விடுகின்றன. நூற்றுக்கு எண்பது பங்கு பயன்பட்டாலும், 15 உவாற்று வெளியே தரும்போது ஏறத்தாழ 4 உவாற்று மட்டுமே வீணாகும். சிறு பலகையால் இவ்வளவு வேலை இயலுவது இதனாலேயே.

இனி, பரீட்சைக்கு வருவோம்.

முதலாவது, எண். பலகையின் சிறு திரை 4.20 எனக் காட்டியது. வெளிவாயிலில் எமது பன்மானியை வைத்தோம், 4.29 எனக் கண்டது. பன்மானியே பொய் சொல்லலாமன்றோ? அதனுள்ளே இருக்கும் 9 வோல்ற்று மின்கலம் தளர்ந்துவிட்டால், மலிவான பன்மானி உள்ளதிலும் கூடுதலாகக் காட்டுவதுண்டு. ஆகவே புதிய மின்கலம் இட்டு, வேறொரு பன்மானியோடும் ஒத்துப் பார்த்தோம். பிழை பலகையின் திரையிலேதான். மின்குமிழுக்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. லிதியம் மின்கலத்துக்கோ 4.20 என்பதே உச்ச எல்லை. நூற்றில் ஒரு பங்குக்குமேல் தவறுவது அதற்கு ஆகாது. எல்லை கடந்து ஏற்றினால் மின்கலம் வீங்கும், சூடேறும், ஈற்றில் தீப்பற்றவும் கூடும்.

இரண்டாவது, சுமை. சும்மா இருக்கும் மின்வழங்கி எதுவும் நல்லதே. பாரம் ஏற்றினாற்றான் குணம் தெரியும். பலகையை 5 வோல்ற்றில் நிறுத்தி, 4.7 ஓம் அளவும் 10 உவாற்றுத் தாங்கும் வலுவும் உள்ள வெள்ளைச் சீமெந்துத் தடைகள் மூன்றை வாங்கினோம். ஒன்றைப் பூட்டினால் ஏறத்தாழ 1 அம்பியர், பக்கமாய் இரண்டைப் பூட்டினால் 2, மூன்றைப் பூட்டினால் 3 அம்பியருக்குச் சற்றே மேல். ஒவ்வொரு முறையும் பலகையின் வாயிலிலும் கம்பியின் மறுமுனையிலும் அளந்தோம். வாயிலில் அழுத்தம் சிறிதே தளர்ந்தது. கம்பியின் முனையிலோ நன்றாக இறங்கியிருந்தது. இது பலகையின் குற்றமன்று. அரைச் சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் ஒரு மீற்றர் போய் ஒரு மீற்றர் திரும்புகையில், 3 அம்பியருக்கு 0.2 வோல்ற்று கம்பியிலேயே தொலையும். மின்வழங்கியைப் பழிக்குமுன் கம்பியைப் பாருங்கள்.

மூன்றாவது, வெப்பம். பெட்டியில் 3 அம்பியர் என எழுதியிருந்தது. மூன்று தடைகளையும் பூட்டி அரைமணி நேரம் விடுவதென எண்ணினோம். ஆனால் கால்மணிக்குள்ளேயே சில்லின் அருகே கையை வைத்திருக்க முடியவில்லை. ஆகவே நிறுத்திவிட்டோம். ஒரு தடையைக் கழற்றி 2 அம்பியரில் விட்டபோது அரைமணியும் அமைதியாக நின்றது. பெட்டியில் எழுதிய எண் சில்லின் உச்ச அளவு. காற்றோட்டமும் அலுமினியத் தகடும் இல்லாத பலகைக்கு அது பொருந்தாது. மூன்றில் இரண்டு பங்கோடு நிற்பது அறிவுடைமை.

நான்காவது, இரைச்சல். இதனைச் சரிவர அளக்க அலைவுகாட்டி வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் இருப்பின் ஆசிரியரைக் கேட்கலாம். வீட்டிலோ, பழைய மத்திய அலை வானொலியை ஒரு முழ தூரத்தில் வைத்துப் பாருங்கள். பலகை வேலை செய்யும்போது எழும் சீறல், அது எவ்வளவு இரைச்சலைப் பரப்புகிறது என்பதைக் காதுக்கே சொல்லும். மலிவான பலகைகளிற் போலிச் சில்லுகளும் உலவுகின்றன. சொல்லிய வேகத்தில் மூன்றிலொரு பங்கிலேயே திறந்து மூடுபவை அவற்றுட் கண்டறியப்பட்டுள்ளன. பலகையிலுள்ள சிறிய சுருள் அந்த வேகத்துக்குப் போதாது. ஆதலின் வெளிவரும் மின்னழுத்தமும் கூடுதலாக நெளியும்.

ஐந்தாவது, ஓட்ட எல்லை. இப்பலகையில் ஓட்டத்தை மட்டுப்படுத்தவும் ஒரு திருகு உண்டு. அதனை 20 மில்லி அம்பியரில் நிறுத்தி, அழுத்தத்தை 12 வோல்ற்றில் விட்டு, ஒளிகாலும் இருவாயி ஒன்றைத் தொடுத்தோம். ஒரு கணம் மின்னி அணைந்தது, அணைந்தது அணைந்ததே. எல்லை வேலை செய்யாமலில்லை. ஆனால் வெளிவாயிலிலுள்ள கொள்ளளவியில் முன்னரே நிரம்பியிருந்த மின் அந்த எல்லைக்குக் கட்டுப்படாமல் ஒரே மூச்சிற் பாய்ந்துவிட்டது. அழுத்தத்தைக் கீழே இறக்கி, பொருளைப் பூட்டி, பின்னர் மெல்ல உயர்த்துவதே முறை.

இவ்வைந்தும் எவ்வூருக்கும் பொதுவானவை. எமது வாவிக்கரைக்கென்றே இரண்டு உண்டு.

ஒன்று, உப்புக்காற்று. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் சைக்கிள் கம்பியும் கதவுக் கீலும் படும் பாட்டை எல்லோரும் அறிவோம். பலகையின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது சிறு திருகுள்ள ஒரு மாறுந் தடை. அதன் உள்ளே தொடுகை அரித்துப்போனால், வெளியே எவ்வளவு அழுத்தம் போகிறதென்று சில்லுக்குத் தெரியாது. குறைந்துவிட்டதென எண்ணி, வாயிலை முழுதாகத் திறந்துவிடும். 4.2 வோல்ற்று நின்ற இடத்தில் ஏறக்குறைய 19 வோல்ற்றும் வந்து நிற்கும். ஓட்ட எல்லை இருந்தாலும் அது வேகத்தைத்தான் மட்டுப்படுத்தும். மின்கலம் எல்லை கடந்து ஏறுவதைத் தடுக்காது. இது நள்ளிரவிலும் நிகழலாம்.

மற்றொன்று, மின்வெட்டு. 2022 ஆம் ஆண்டில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின் நின்றதை மறந்தவர் இலர். மின்கலம் பூட்டியிருக்கும் வேளையில் மின் நின்றால், மின்கலத்தின் ஓட்டம் பலகைக்குள் பின்னோக்கிப் பாய இடமுண்டு. சில்லு கெடலாம், மின்கலமும் வடியலாம். ஒரு வழியே ஓட்டத்தை விடும் இருவாயி ஒன்றை இடையில் இடவேண்டும். அது தன் பங்குக்குச் சிறிது அழுத்தத்தைக் குடிக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கண்டபின் மாணவரின் முகம் வாடியது. “அப்படியென்றால் இது கூடாததா, ஐயா?” என்றார். “கூடாததில்லை, தம்பி. உமது மேசைக்கு இது நல்ல துணை, மின்கலத்துக்குத்தான் இது காவல் ஆகாது” என்றோம். ஒற்றை லிதியம் மின்கலத்துக்கென்றே டி.பி.4056 என்னும் சில்லுள்ள பலகை இதனிலும் மலிவாகக் கிடைக்கிறது. மின்கலம் நிறைந்ததும் அது தானே நிறுத்திவிடும். மின்கலக் காப்புச் சுற்றும் சேர்ந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவும் விழித்திருக்கும் வேளையில், ஓலைக்கும் துணிக்கும் எட்ட, சீமெந்துத் தரைமீது வைத்தே ஏற்றப்பட வேண்டும்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1947 இல் வெளிவந்த தமது யாழ் நூலில் பழந்தமிழ் இசையின் சுருதிகளையும் எண்ணாலே கணித்துக் காட்டியவர். செவிக்கு இனியதென்பதோடு அமையாது, எவ்வளவு என்று கேட்ட அந்த மனம் இம்மண்ணுக்குப் புதியதன்று. அடிகள் நிறுவிய கல்லடி உப்போடைச் சிவானந்தா வித்தியாலயத்திலும் ஏனைய பாடசாலைகளிலும் பயிலும் சிறுவர் சிறுமியர், வாங்கிய பொருளை முதலில் அளந்து பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்வாராக.

அன்றைய அளவீடுகளை மாணவர் ஒரு சிறு தாளில் எழுதிப் பலகையின் அடியில் ஒட்டினார்: “திரையில் 4.20, உண்மை 4.29. 2 அம்பியருக்கு மேல் வேண்டாம். மின்கலத்துக்கு அன்று.” விலை கூடிய கருவியொன்றைக் குற்றம் அறியாமல் வைத்திருப்பதைக் காட்டிலும், மலிவான இதனைக் குற்றம் அறிந்து வைத்திருப்பது மேல். இருட்டுமுன் அவர் பாலத்தை நோக்கிச் சைக்கிளைத் திருப்பினார். அன்றிரவு அவர் தந்தையின் விளக்கு பழைய மின்னேற்றியிலேயே, தாயின் கண்முன்னே ஏற்றப்பட்டதாக மறுநாள் சொல்லியனுப்பினார்.