ஃபெயில் மெயில் பக்தர்கள்

"ஃபெயிலானா மெயில் வரும் சார். வரலைன்னா ஜாப் ஓடிருச்சுன்னு அர்த்தம்." களமசேரியில் ஓர் அலுவலகத்தில் போன வாரம் ஒரு தம்பி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். ராத்திரி பேக்கப் எடுத்ததா என்று கேட்டதற்குத்தான் இந்த அருள்வாக்கு. காக்கநாட்டிலிருந்து சென்னை ஓ.எம்.ஆர். வரை இதே பஜனைதான்.

அந்த மெயிலை அனுப்புவது யார்? ஜாபை ஓட்டுகிற அதே எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட். ஏஜென்டே நின்றுபோனால்? செத்தவர் எழுந்து வந்து இழவு சொல்லிவிட்டுப் போவாரா?

கோட் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபின் கதை தெரியாதவர்கள் எல்லாம் தயவுசெய்து சர்வர் பக்கம் போகாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று, ஒருவர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போச்சு. பேக்கப்பைத் தேடினால் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்க ஓடியதோ 9.2. ஓடிய ஒவ்வொரு முறையும் எர்ரர். மெயில் போனதா? பேஷாகப் போனது! அனுப்பியவர் நிஜம்தானா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் தேறாததால் வாங்குகிற பக்கமே அதை நிராகரித்துவிட்டது. அங்கேயும் "மெயில் வரலையே" என்றுதான் இருந்திருக்கிறார்கள். சோதனைக்காக ஒருவர் 6 மணி நேரம் முன்பு எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட் மட்டும் இல்லையென்றால் கதை கந்தல்.

மறுபடி எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்டுக்கே வருவோம். அடுத்த கோஷ்டி, பச்சை டிக் கோஷ்டி. ஒரு ஸ்டெப் விழுந்தால் அடுத்த ஸ்டெப்புக்குப் போ என்று செட்டிங் போட்டுவிட்டால், கடைசி ஸ்டெப் தேறினால் போதும், ஜாப் முழுக்கப் பச்சை. சரி, ஹிஸ்டரியைப் பார்க்கலாமே என்றால், மாற்றாமல் விட்ட செட்டிங்கில் ஒரு ஜாபுக்கு 100 வரிதான். ஒரே ஸ்டெப் உள்ள ஜாப் ஓடும்போதெல்லாம் 2 வரி எழுதும். 5 நிமிடத்துக்கொரு தரம் ஓடுகிறதா? நான்கு மணி நேரத்துக்கு முந்தைய தடயமே இருக்காது. ராத்திரி ஒரு மணிக்கு விழுந்ததைக் காலை ஒன்பதுக்கு எங்கே போய்த் தேடுவது?

கடைசி பேக்கப் எப்போது முடிந்தது என்று வேறொரு மெஷினிலிருந்து கேளுங்கள். 26 மணி நேரம் தாண்டினால் அது கத்தட்டும். மாதம் ஒருமுறையாவது ரெஸ்டோர் செய்து பாருங்கள். இதற்கெல்லாம் நேரமில்லையாம். டிக்கெட்டை மூட மட்டும் நேரமிருக்கிறது. சுவரில் பெரிய டிவி மாட்டி டாஷ்போர்டு காட்டக் காசிருக்கிறது. நைட் ஷிஃப்ட் பையனுக்கு அலவன்ஸ் கேட்டால் பட்ஜெட் இல்லை. டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ள டிபிஏ எதற்கு, கிளவுட் பார்த்துக்கொள்ளும் என்கிறார் மேனேஜர். கிட்லேபும் அப்போது அஷூர் கிளவுடில்தான் இருந்தது. டேட்டாபேஸ் சர்வர்களுக்கு மட்டும் டிஸ்க் ஸ்னாப்ஷாட்டை யாரும் ஆன் செய்திருக்கவில்லை.