மேடை தந்தால் போதுமா?

புத்தகத் திருவிழா, கல்லூரி ஆண்டுவிழா, பொங்கல் விழா என்று எங்கே போனாலும் இப்போது பெண்களின் பறையாட்டத்தைப் பார்க்க முடிகிறது. நாமும் முன்னால் நின்று கைதட்டுகிறோம்; செல்பேசியில் படம் எடுத்துப் பெருமையோடு பகிர்கிறோம். ஆட்டம் முடிந்த பிறகு அந்தப் பெண்கள் எங்கே உடை மாற்றினார்கள், எங்கே சாப்பிட்டார்கள், கையில் எவ்வளவு வாங்கிக்கொண்டு எந்த வண்டியில் ஊர் திரும்பினார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டும் என்பதற்கு அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் ஜாஸ் குழு ஒன்றின் கதை சாட்சியாக இருக்கிறது.

அடிமைகளாக வாழ்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உருவாக்கிய இசை ஜாஸ். மிசிசிப்பி மாநிலத்தின் பைனி வுட்ஸ் என்ற சிற்றூரில், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்காக லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற ஆசிரியர் 1909இல் ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். பள்ளியை நடத்தப் பணம் வேண்டும். அதற்காக 1930களின் இறுதியில் மாணவிகளைக் கொண்டே ஒரு ஜாஸ் குழு அமைத்தார். 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' என்பது அதன் பெயர். கறுப்பினப் பெண்களோடு சீன, மெக்சிகோ வழிவந்த பெண்களும் அதில் இருந்தார்கள். பாடுவதோடு பெண் நிற்கட்டும் என்று உலகம் நினைத்த காலம் அது. இவர்களோ டிரம்பெட், டிராம்போன், சாக்சபோன், டிரம்ஸ் என்று ஆண்களுக்கு உரியதாகக் கருதப்பட்ட கருவிகளையெல்லாம் கையில் எடுத்தார்கள்.

ஊர் ஊராக வாசித்து அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 1 டாலர், கைச்செலவுக்கு வாரத்துக்கு 1 டாலர். ஆக வாரத்துக்கு 8 டாலர். அது 15 டாலராக உயரப் பல ஆண்டுகள் ஆயின. 1941இல் பள்ளியின் பிடியிலிருந்து விலகித் தொழில்முறைக் குழுவாக மாறினார்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் உள்ள புகழ்பெற்ற அப்போலோ அரங்கம் வரை போனார்கள்.

ஆனால் தென்மாநிலங்களில் அவர்களின் வீடு பேருந்துதான். நிறவெறிச் சட்டங்களும் வழக்கங்களும் ஆண்ட அந்த ஊர்களில் வெள்ளையர் விடுதியில் அவர்களுக்கு இடமில்லை, உணவகத்தில் இலையில்லை. பேருந்திலேயே உண்டார்கள், பேருந்திலேயே உறங்கினார்கள். பின்னாளில் குழுவில் சேர்ந்த வெள்ளையினப் பெண்கள், கறுப்பினத்தவரோடு பயணம் செய்த குற்றத்துக்காகக் கைதாகாமல் இருக்க முகத்தில் கருஞ்சாயம் பூசிக்கொண்டு மேடையேறினார்கள். 1945இல் கறுப்பினப் படைவீரர்களுக்காக வாசிக்க ஐரோப்பாவுக்கும் போய்வந்தார்கள். போர் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். பெண்கள் குழுக்களுக்கு வாய்ப்புகள் சுருங்கின. 1949இல் குழு கலைந்தது. ஜாஸ் வரலாறு எழுதியவர்கள் இவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

கான்சாஸ் சிட்டியில் 1978இல் கேரல் காமர், டயான் கிரெக் என்ற இரு பெண்கள் மகளிர் ஜாஸ் விழாவைத் தொடங்கினார்கள். அந்த நகரம் ஜாஸுக்குப் பேர்போனது. 1930களில் அங்கே புகழ்பெற்றிருந்த ஆண்டி கர்க் குழுவின் முதுகெலும்பாக இருந்தவர் மேரி லூ வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண். பியானோ வாசித்தவரும் அவரே, குழுவுக்கு இசை எழுதிக் கொடுத்தவரும் அவரே. அப்படிப்பட்ட ஊரிலும் பெண்களுக்கென்று தனி விழா தேவைப்பட்டது. 1980இல் அந்த விழா ஸ்வீட்ஹார்ட்ஸ் பெண்களைத் தேடிப்பிடித்து அழைத்து வந்து மேடையில் சிறப்பித்தது. அதன் பிறகுதான் அவர்களைப் பற்றிக் கட்டுரைகளும் ஆவணப்படமும் பெருகின.

மகளிர்க்கெனத் தனி விழா எதற்கு, திறமை இருந்தால் தானாக வர மாட்டார்களா என்று கேட்போர் இங்கும் உண்டு. ஸ்வீட்ஹார்ட்ஸ் பெண்களுக்குத் திறமை இல்லாமலா போயிற்று? அப்போலோவில் வாசித்தவர்களையே முப்பது ஆண்டுகள் மறக்க முடிந்ததே. எனவே அந்த விழாவை யாரும் சலுகை என்று சொல்ல வேண்டாம். அது நிலுவையைத் தீர்க்கும் முயற்சி. அதே நேரத்தில் முதுமையில் கிடைத்த கைதட்டல், இளமையில் கொடுக்காத கூலிக்கு ஈடாகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

அடிமை முறையை ஒழிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்கு 1873இல் தம் 'குலாம்கிரி' நூலைக் காணிக்கையாக்கினார் ஜோதிராவ் புலே. 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார் அண்ணல் அம்பேத்கர். அந்த வழியில் வந்த நாம், ஸ்வீட்ஹார்ட்ஸின் பேருந்தைப் பார்த்து நம் பறைக்குழுப் பெண்களின் வேனை நினைக்காமல் இருக்க முடியாது.

பறை சாவுக்கு அடிக்கும் இழிதொழில் என்று நம் தலையில் சுமத்தப்பட்டது. அதைத் தூக்கியெறி என்று சொன்னவர்களும் நம்மவர்களே; கலையாக, உரிமையாகக் கையில் எடு என்று சொன்னவர்களும் நம்மவர்களே. இரண்டாவது வழியில் நம் பெண்கள் துணிந்து நடந்தார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழு அதற்கு முன்னோடி. ஆண்களே தொட்ட தோலைப் பெண் தொட்டபோது சாதியோடு சேர்த்து வீட்டுக்குள் இருந்த கட்டுப்பாட்டையும் அவள் அடித்து உடைத்தாள்.

அந்தப் பெண்களை அழைக்கும் விழாக் குழுவினரிடம், நம் தோழர்களின் அமைப்புகளையும் சேர்த்தே, நாம் கேட்பது இதுதான். தொகையை முன்கூட்டியே பேசி எழுத்தில் கொடுங்கள். 'நம்ம விழாதானே' என்று குறைக்காதீர்கள். அழைப்பிதழில் குழுவின் பெயரோடு கலைஞர்களின் பெயரையும் அச்சிடுங்கள். உடை மாற்றப் பூட்டு உள்ள அறையும் கழிப்பறையும் கொடுங்கள். விருந்தினர் உண்ணும் பந்தியிலேயே அவர்களையும் உட்கார வையுங்கள். இரவு எத்தனை மணியானாலும் வீட்டு வாசல் வரை வண்டி அனுப்புங்கள்.

இவை புதிய கோரிக்கைகள் அல்ல. விறலியைப் பரிசில் தரும் வள்ளலிடம் வழிப்படுத்த விறலியாற்றுப்படை என்று ஒரு துறையையே வகுத்தது தமிழ். பரிசில் கொடுத்த கரிகாலன் ஏழடி பின்சென்று பொருநரை வழியனுப்பினான் என்கிறது பொருநராற்றுப்படை. பறையடித்த பெண்ணுக்குப் பேசிய கூலியை எண்ணிக் கொடுத்து, அவள் வண்டி ஏறும் வரை உடன் நிற்க நம்மால் முடியாதா?