புகையானுக்கு ஒருவர் யோசனை போதாது

சம்பாப் பயிர் தூர் கட்டி நிற்கும் சமயத்தில், வயலின் நடுவே வட்ட வட்டமாகக் காய்ந்து புகைந்தது போல் தெரிந்தால் அது புகையான். அன்று மாலையே உழவர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் ஒரு மருந்தைக் கொடுக்கிறார். அடுத்த வயல்காரர் சொன்னார் என்று இன்னொன்றையும் சேர்த்து வாங்கி அடிக்கிறார். சில வாரம் சென்று பார்த்தால், புகையான் முன்னைவிட அதிகமாக இருக்கிறது. மறுபடியும் கடை, மறுபடியும் கடன்.

இதில் உழவரின் உழைப்பில் குறை ஏதும் இல்லை. அவர் ஒற்றை ஆளாக முடிவு எடுப்பதில்தான் குறை இருக்கிறது. புகையான் ஒரே காரணத்தால் பெருகுவதில்லை. நடவின் நெருக்கம், யூரியாவின் அளவு, தேங்கிய நீர், நெல் ரகம், வானிலை, முன்பு அடித்த மருந்து, வயலில் உள்ள சிலந்திகள் ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இவ்வளவையும் ஒரு மனிதர் வரப்பில் நின்றபடியே கணக்குப் போட்டுவிட முடியாது. பலர் கூடி யோசிக்க வேண்டிய காரியம் இது. அப்படி யோசிக்கும் வழியை இந்தோனேசிய நாட்டு நெல் விவசாயிகள் காட்டியிருக்கிறார்கள்.

ஜாவாவில் கண்ட பாடம்

இந்தோனேசியா 1984-ல் அரிசியில் தன்னிறைவு கண்டது. அக்காலத்தில் அந்நாட்டு அரசு பூச்சிமருந்துக்குப் பெரும் மானியம் கொடுத்துவந்தது. மருந்து மலிவாகக் கிடைத்ததால் உழவர்கள் தாராளமாக அடித்தார்கள். ஆனால் 1985, 1986 ஆண்டுகளில் ஜாவாத் தீவில் புகையான் பெருகி, ஏராளமான வயல்கள் பாழாயின.

இதன் காரணத்தை, பூச்சியியல் அறிஞர் பீட்டர் கென்மோர் 1970-களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸ் நாட்டில் செய்த ஆராய்ச்சி முன்பே காட்டியிருந்தது. புகையானைத் தின்று அடக்கிவைக்கும் சிலந்திகளையும் மிரிட் நாவாய்ப் பூச்சிகளையும் மருந்து கொன்றுவிடுகிறது. (கதிரில் பால் உறிஞ்சும் நாவாய்ப் பூச்சி வேறு, இது வேறு.) தண்டை ஒட்டிய இலை உறைக்குள் இருக்கும் புகையான் முட்டைகள் தப்பிவிடுகின்றன. அவை பொரிக்கும்போது வயலில் அவற்றுக்கு எதிரியே இல்லை.

1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ, 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கத் தடை விதித்தார். மானியமும் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. மருந்தை நிறுத்தினால் மட்டும் போதுமா? வயலைப் பார்த்துத் தாமே முடிவு செய்ய உழவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? இதற்காக ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு 1989-ல் அங்கு தொடங்கப்பட்டவையே உழவர் வயல்வெளிப் பள்ளிகள். 1990-களின் முடிவுக்குள் சுமார் 10 லட்சம் உழவர்கள் இவற்றில் பயின்றார்கள்.

முதலில் கண், பிறகு வாய்

இந்தப் பள்ளிக்கு வயல்தான் வகுப்பறை. சுமார் 25 உழவர்கள், பயிர்ப் பருவம் முழுவதும் வாரம் ஒரு நாள் காலையில் அங்கே கூடுகிறார்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்குகிறார்கள். ஒவ்வொரு குழுவும் பத்துக் குத்துகளைத் தேர்ந்து, தூர்களையும் பூச்சிகளையும் சிலந்திகளையும் எண்ணுகிறது. பிறகு நிழலில் உட்கார்ந்து பெரிய தாள் ஒன்றில் படம் வரைகிறது. நடுவில் நெற்பயிர். ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகள், மறுபக்கம் நன்மை செய்பவை, இரண்டும் எண்ணிக்கையோடு. மேலே வெயிலா, மேகமா என்பது. கீழே நீரின் அளவு.

படம் முடிந்த பிறகுதான் விவாதம். இந்த வாரம் என்ன செய்யலாம் என்று குழு தீர்மானித்ததை ஒருவர் எழுந்து சொல்ல, மற்றக் குழுக்கள் குறுக்குக் கேள்வி கேட்கின்றன. பயிற்சி தருபவர் சட்டென்று விடை சொல்லுவதில்லை. இது என்ன பூச்சி என்று கேட்டால், எங்கே பார்த்தீர்கள், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று திருப்பிக் கேட்கிறார். சந்தேகம் தீரவில்லை என்றால், நெற்குத்து ஒன்றை வலையால் மூடி, உள்ளே புகையானையும் சிலந்தியையும் விட்டு, நடப்பதைக் கண்ணால் பார்க்கிறார்கள். எடுத்த முடிவு சரியா, தவறா என்பதை அடுத்த வாரம் வயலே சொல்லிவிடும்.

இம்முறையின் பலம் முழுவதும் அந்த வரிசையில் இருக்கிறது. ஒவ்வொருவரும் முதலில் தம் கண்ணால் பார்க்கிறார். பார்த்தது தாளில் ஏறுகிறது. அதன் பிறகே வாய் திறக்கிறது. அப்போது சண்டை ஆளோடு அல்ல, எண்ணிக்கையோடுதான். உரத்த குரலுக்கு அங்கே தனி மதிப்பு இல்லை.

கூட்டம் வேறு, கூடி யோசிப்பது வேறு

தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் உழவர் கூட்டங்களுக்குக் குறைவில்லை. வயல்வெளிப் பள்ளிகளும் நடந்திருக்கின்றன. ஆனால் பல கூட்டங்களில் ஒருவர் பேசுகிறார், மற்றவர் கேட்கிறார்கள், கலைகிறார்கள். டீக்கடைப் பேச்சிலும் நிலம் அதிகம் உள்ளவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். நாள் முழுவதும் பயிருக்குள் குனிந்து களை எடுக்கும் பெண்கள், தூரின் அடியில் இருக்கும் புகையானை எளிதில் பார்க்கக்கூடியவர்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கலாம். அங்கே எல்லோரும் ஒரே பக்கம் இழுத்தால் போதும். புகையானுக்கு முடிவு காண்பதற்கோ, ஐந்து பேரும் ஐந்து விதமாகப் பார்த்ததை ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

எண்ணுவதால் என்ன லாபம் என்று கேட்கலாம். தூருக்கு ஒரு புகையான் என்ற அளவை எட்டினால் மருந்து அடிக்கலாம் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். 20 தூர் உள்ள குத்தில் 30 புகையான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிலந்தி இல்லாத வயலில் மருந்து தேவை. சிலந்தி உள்ள வயலில் தேவை இல்லை. சிலந்தியை எண்ணாதவர் அந்தப் பணத்தை வீணாக்குவதோடு சிலந்தியையும் கொன்றுவிடுகிறார்.

மேலும், புகையானுக்கு வரப்பு தெரியாது. நீரை வடிக்க வேண்டும் என்றாலும், மேல் வயல்காரர் தனியாக வடித்தால் அது கீழ் வயலில் போய்த் தேங்குகிறது. எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுவதையும், யூரியாவைப் பிரித்து அளவாகப் போடுவதையும் ஒரே வாய்க்காலில் பாயும் எல்லோரும் செய்தால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

வயல்வெளிப் பள்ளி என்று பெயர் வைத்துவிட்டால் பலன் வந்துவிடும் என்பதும் இல்லை. இந்தோனேசியப் பள்ளிகளைப் பற்றி 2004-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, பயின்றவர்களின் விளைச்சலிலும் மருந்துச் செலவிலும் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை என்றது. மருந்து குறைந்தது என்று கண்ட ஆய்வுகளும் உண்டு. ஆனால் அந்த ஆய்வின் எச்சரிக்கையைத் தள்ளிவிடக் கூடாது. பயின்றவரின் அயலாரிடமும் மாறுதல் இல்லை என்று அது கண்டது. வயலில் இறங்கி அறிந்ததை வாய்ச்சொல்லால் அடுத்தவருக்குக் கொடுப்பது கடினம். அவரையும் கூடவே வயலில் இறக்க வேண்டும்.

ஆகவே வேளாண்மை அலுவலர்கள் மேடையை விட்டு வரப்புக்கு வருவது நல்லது. அவர்கள் வரும்வரை உழவர்கள் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரே வாய்க்காலில் பாயும் ஐந்து குடும்பங்கள், களை எடுக்கும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, வாரம் ஒரு காலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். செலவு ஒரு நோட்டும் பென்சிலும்தான். குறைந்த நிலம் உள்ளவர் முதலில் பேசட்டும். மருந்துக் கடைக்கு ஒருவர் போகும் முன்னால், வயலுக்குள் ஐந்து பேர் போகட்டும். அதற்குப் பிறகும் மருந்து வேண்டும் என்று முடிவானால், எது, எவ்வளவு, எங்கே என்று தெரிந்து வாங்கலாம்.