கொட்டையும் இல்லை, வடிநீரும் இல்லை

காப்பிக்குத் தனித்தமிழ்ப் பெயர் காண முயன்றோர் ‘கொட்டை வடிநீர்’ என்றொரு சொல்லைப் படைத்தனர். அதைக் கேட்டு நகைக்காத தமிழாசிரியர் அரியர். சோர்ந்த வகுப்பைச் சிரிக்க வைப்பதற்கென்றே அதனைக் கையாண்டோரும் உண்டு. வழக்கில் நிலைபெறாமற் போயினும், அச்சொல் நேர்மையான சொல். கொட்டை இருத்தல் வேண்டும். அதனை நீரில் வடித்தல் வேண்டும். பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. இன்று மலேசியத் தமிழர் இல்லங்கள் பலவற்றில் காலைதோறும் காப்பி என்ற பெயரால் பருகப்படுவதை இவ்விரு அளவைகளாலும் சோதித்தால் என்ன எஞ்சும்? கொட்டையைக் கண்ணால் கண்டவர் இல்லை, வடித்தவரும் இல்லை. பொட்டலத்தின் வாயைக் கிழித்துக் கொட்டி, வெந்நீர் ஊற்றி, கரண்டியால் ஒரு சுழற்றுச் சுழற்றியவுடன் காப்பி ‘தயார்’ ஆகிவிடுகிறது.

இல்லத்தை விடுவோம், பள்ளியின் ஆசிரியர் அறையைப் பார்க்கலாம். மூலையில் ஒரு வெந்நீர்க் குடுவை, அதன் அருகே ‘த்ரீ இன் ஒன்’ பொட்டலங்கள் நிறைந்த ஒரு டின். ஓய்வு நேரத்தில் ஆளுக்கொரு பொட்டலம். தமிழாசிரியர், அறிவியல் ஆசிரியர் என்ற வேறுபாடு அங்கே இல்லை. எழுத்துப் பிழையைக் கண்டால் சிவப்பு மையால் சுழிக்கும் கண்கள், அப்பொட்டலத்தின் பின்புறத்தை ஒருமுறையேனும் வாசித்ததுண்டா? உணவுப் பொருளின் உறையில் சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. அவ்வரிசையில் முதலிடத்திலும் இரண்டாமிடத்திலும் பெரும்பாலும் சர்க்கரையும் க்ரீமரும் நிற்கும். காப்பித் தூள் அவற்றுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். ஆக, அது காப்பி மணம் ஏற்றிய சர்க்கரைப் பால்மாவே. 2023இல் எடுக்கப்பட்ட தேசிய உடல்நல ஆய்வு, மலேசியாவின் வயது வந்தோரில் நூற்றுக்கு 15.6 பேர் நீரிழிவு உடையோர் என்று காட்டியது. ஏறத்தாழ அறுவரில் ஒருவர். சர்க்கரையின் அளவைக் குடிப்பவர் தாமே முடிவு செய்ய இயலாத ஒரு பானத்தை நாளொன்றுக்கு மூன்று முறை அருந்திவிட்டு, நலக்கல்விப் பாடத்தில் சர்க்கரையைக் குறைக்குமாறு மாணவருக்கு உரைப்பது பொருந்துமா என்பதை ஆசிரியப் பெருமக்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கரையும் காப்பித் தூளே தீது என்று வாதிடுவதற்கில்லை. அதற்கும் மதிப்புக்குரிய வரலாறு உண்டு. சட்டோரி காத்தோ என்னும் ஜப்பானிய வேதியியலார் 1901இல் அமெரிக்காவின் பஃபலோ நகரக் கண்காட்சியில் அத்தகைய தூளை அறிமுகப்படுத்தினார். 1938இல் நெஸ்கஃபே சந்தைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர் அதனைப் பையில் சுமந்தனர். போர்முனையில் அடுப்பு மூட்ட இயலாதவனுக்கு அது ஏற்றதே. அடுப்பும் ஓய்வுநாளும் உள்ள இல்லம் படைவீரனின் பையிலிருந்து ஏன் உண்ண வேண்டும் என்பதே வினா.

இவ்வினா மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை நாவின் சுவையோடு முடிவதன்று. பால்மரத்துக்கு முன்னரே காப்பிச் செடி தமிழரை மலைகளுக்கும் காடுகளுக்கும் அழைத்துச் சென்றது. இலங்கையின் மலைநாட்டுக்குத் தமிழ்த் தொழிலாளர் முதலில் சென்றது தேயிலைக்காக அன்று, காப்பிக்காக. 1869இல் அங்கே காப்பி இலைகளில் துரு நோய் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. மலாயாவிலோ சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், ஜொகூர் ஆகிய பகுதிகளில் காடழித்துக் காப்பி நட்டனர். தாழ்நிலத்தின் வெப்பத்தை அராபிகா என்னும் வகை தாங்காது. ஆதலால் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த லைபெரிகா வகை நடப்பட்டது. அத்தோட்டங்களில் உழைத்தோரில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தென்னிந்தியர் பலர். 1890களின் பிற்பகுதியில் பிரேசிலின் பெருவிளைச்சலால் உலகச் சந்தையில் விலை சரிந்தது. இலை தின்னும் புழுக்களும் செடிகளை மொட்டையடித்தன. காப்பி நட்டவர்கள் ரப்பருக்கு மாறினர். காஜாங்கில் மலாயாவின் தொடக்கக் கால வணிக ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்றைத் தொடங்கிய கிண்டர்ஸ்லி சகோதரர்களும் காப்பி பயிரிட்டவர்களே.

பால்மரத்தின் வரலாறு பாட்டாகவும் கதையாகவும் நாவலாகவும் எழுதப்பட்டிருக்கிறது, எழுதப்படவும் வேண்டும். அதற்கு முந்திய காப்பிக் காலத்தை நினைப்பார் அருகிவிட்டனர். பெயரை மறந்தது ஒருபுறம் இருக்க, அப்பாட்டனார் நட்ட அந்த லைபெரிகா இன்னும் அழியாமல் இருப்பதை அறிந்தவர் எத்தனை பேர்? குளுவாங்கிலும் பத்து பகாட்டிலும் பந்திங்கிலும் சிறுதோட்டக்காரர்கள் அதனை இன்றும் வளர்க்கின்றனர். உலகம் முழுவதும் விளையும் காப்பியில் லைபெரிகாவின் பங்கு மிகமிகச் சிறிது. மலேசியாவில் விளையும் காப்பியிலோ அதுவே முதன்மை. பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் மக்கள் தங்கள் லைபெரிகாவைப் ‘பராக்கோ’ என்று பெயரிட்டுப் பெருமையோடு கொண்டாடுகின்றனர். மலேசியத் தமிழர் இல்லத்தில் அக்கொட்டையின் உருவத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளை இல்லை. மற்ற வகைகளைவிடப் பெரியது. ஒரு முனை கூரியது. நடுக்கோடு நேராக ஓடாமல் வளைந்து செல்லும். நன்கு பக்குவப்படுத்திய கொட்டையில் பலாப்பழ மணம் வீசும். பலாச்சுளைக்கு நாவூறும் தமிழருக்கு இதைவிட நெருக்கமான காப்பி வேறு எது?

இங்கே இரண்டாவது எதிர்த்தரப்பாரும் எழுந்து நிற்கின்றனர். அவர்கள் பொட்டலத்தை வெறுப்பவர்கள். படித்து, பொருளீட்டி, நகரங்களில் வாழும் இளைஞர்கள். அவர்தம் சமையல் மேடையில் ஒரு மாத ஊதியத்தை விழுங்கிய எஸ்பிரெசோ இயந்திரம் பளபளக்கும். எத்தியோப்பியா, கொலம்பியா என்று கொட்டைகளின் பிறப்பிடத்தைக் குலமுறை கிளத்துவார்கள். லைபெரிகா என்றால் முகம் சுளிப்பார்கள்: ‘அது கிழவர்கள் குடிக்கும் கடைக் கோப்பி, புகை நாற்றம்.’

இவர்கள் ஓதும் ‘ஸ்பெஷாலிட்டி காப்பி’ என்னும் சொல்லை 1974இல் ஒரு வணிக இதழில் வழங்கியவர் எர்னா நுட்சன் என்னும் அம்மையார். குறிப்பிட்ட நிலத்தின் தட்பவெப்பம் தனிச்சுவையுள்ள கொட்டையைத் தரும் என்பதே அவர் கருத்தின் சாரம். பின்னர் 100 புள்ளிகளுக்கு 80 பெற்ற காப்பியே அப்பெயருக்குரியது என்னும் வழக்கமும் ஏற்பட்டது. நிலத்தைப் பார் என்று சொன்ன கொள்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, தாம் நிற்கும் நிலத்தை மட்டும் பாராதிருப்பது விந்தையே. லைபெரிகாவின் மேல் படிந்த அவப்பெயரில் ஓரளவு உண்மை உண்டு. அதன் பழத்தோல் தடிப்பானது, சதையில் இனிப்பு மிகுதி. கவனமின்றிப் புளிக்க விட்டால் கெட்ட வாடை ஏறும். காயும் கனியும் கலந்து பறித்தால் சுவை கெடும். அது பறிப்பிலும் உலர்த்தலிலும் நேர்ந்த குறை. கொட்டையின் குறை அன்று. கனிந்தவற்றை மட்டும் தேர்ந்து பறித்துப் பக்குவமாக உலர்த்தும் தோட்டக்காரர்கள் ஜொகூரில் இன்று இருக்கின்றனர். அவர்களுக்கு உரிய விலை கொடுத்து வாங்குவோர் பெருகினால்தான் அம்முயற்சி தழைக்கும். பெருகாவிடில் அம்மரங்களையும் வெட்டிவிட்டுச் செம்பனை நடுவார்கள்.

கடைக் கோப்பியின் கருமையும் புகைமணமும் எங்கிருந்து வந்தன என்பதையும் அவ்விளைஞர் அறிந்திருத்தல் நலம். ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர் நடத்திய கோப்பிக் கடைகளில், மலிவான கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கும் முறை நிலைபெற்றது. உருகிக் கருகிய சர்க்கரை கொட்டையைப் போர்த்தி அதன் முரட்டுச் சுவையை மறைத்தது. ஏழை உழைப்பாளிக்கு அடர்ந்த காப்பியை மலிவாகத் தந்த அம்முறையை ஏளனம் செய்வது அறமாகாது. ஆனால் நல்ல கொட்டைக்கு அப்போர்வை தேவையில்லை. உறையில் ‘சம்புரான்’ என்ற மலாய்ச் சொல் காணப்பட்டால், உள்ளே இருப்பது கலப்பு என்று அறிந்து வாங்க வேண்டும்.

மூன்றாவது தரப்பார் தமிழகத்துப் பித்தளை ஃபில்டரே காப்பியின் கடைசி எல்லை என்று நம்புவோர். கும்பகோணம் டிகிரி காப்பியின் பெயரைக் கேட்டவுடன் அவர்கள் கண்ணில் நீர் ததும்பும். ஃபில்டர் சிறந்த கருவியே, அதில் ஐயமில்லை. துளையிட்ட மேற்பாத்திரம், தூளை அமுக்கும் தட்டு, கீழே டிகாக்ஷன் சொட்டும் பாத்திரம்; மின்சாரம் வேண்டா, தாள் வேண்டா, பழுதாவதற்கும் எதுவுமில்லை. பழுது அதில் இடும் தூளில்தான் இருக்கிறது. சிக்கரி என்பது ஒரு செடியின் வறுத்த வேர். நெப்போலியன் காலத்தில் கடல்வழி வணிகம் தடைப்பட்டபோது ஐரோப்பாவில் காப்பிக்கு மாற்றாகப் பரவியது. நீரைப் பிடித்துவைத்து டிகாக்ஷனை மெல்ல இறங்கச் செய்யும். நிறமும் கனமும் தரும். இந்திய விதிகள் காப்பி–சிக்கரிக் கலவையில் 49 விழுக்காடு வரை சிக்கரியை அனுமதிக்கின்றன. பாதிக்குப் பாதி வேரைக் குடித்துவிட்டு அதனை மரபு என்று போற்றுவோர் ஒருமுறை சிக்கரி கலவாத தூளை அதே ஃபில்டரில் இட்டுப் பார்க்கட்டும். சற்று விரைந்து இறங்கும். தூளைச் சிறிது நயமாக அரைத்தால் அக்குறையும் தீரும்.

மூவகையினரும் கருவியையோ பெயரையோ பற்றிக்கொண்டு செய்முறையை விட்டுவிட்டனர். காப்பி வடித்தல் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் விளங்கக்கூடிய அறிவியல். கரைதிறன், மேற்பரப்பு, வெப்பம், நேரம் என்னும் நான்கும் அதனுள் அடங்கும். தூள் நயமானால் நீர்படும் பரப்பு மிகுந்து சாரம் விரைவில் இறங்கும். அளவுக்கு மிஞ்சி இறங்கினால் கசப்பு. தூள் பருமனானால் சாரம் முழுதும் இறங்காமல் புளிப்பு. வறுத்த கொட்டையின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு நீரில் இறங்கினால் சுவை சமன்படும் என்று அமெரிக்காவில் 1950களில் நடந்த ஆய்வுகள் கண்டன. இதற்கு வேண்டிய அளவு எளியது: 20 கிராம் தூளுக்கு 300 கிராம் நீர். கொதித்த நீரை அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்ற வேண்டும். 92 முதல் 96 பாகை வரை இருந்தால் போதும். முதலில் தூள் நனையுமளவு சிறிது ஊற்றி அரை நிமிடம் காத்திருந்தால், புதிதாய் வறுத்த கொட்டை கரிவளியை வெளியேற்றி நுரைத்துப் பொங்கும். பொங்காத தூள் பழைய தூள். இச்சோதனையைக் காண ஒரு வகுப்பறைப் பாடவேளையே போதும். மாணவர் காப்பியைக் குடிக்க வேண்டியதும் இல்லை.

கருவி எதுவானாலும் இவ்விதி மாறாது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்னும் இல்லத்தரசி 1908இல் தாள் வடிகட்டிக்கு உரிமம் பெற்றார். அவர் முதலில் பயன்படுத்தியது, ஆணியால் துளையிட்ட பித்தளைப் பாத்திரமும் மகனின் பள்ளி நோட்டிலிருந்த மையொற்றுத் தாளும். உலகெங்கும் வழங்கும் ஒரு முறை, மாணவன் ஒருவனின் புத்தகப் பையிலிருந்து பிறந்திருக்கிறது. தாள், கொட்டையின் எண்ணெய்ப் பொருளைத் தடுத்துத் தெளிந்த நீரைத் தரும்; கொழுப்புச் சத்தைக் கூட்டும் பொருள்களும் அத்தாளில் தங்கிவிடும். துணி அவ்வெண்ணெயில் ஒரு பகுதியை விடும். ஆதலால் லைபெரிகாவுக்குத் துணி நன்கு பொருந்தும். அத்துணிப் பையைத்தான் கோப்பிக் கடைக்காரர் கையில் ஒவ்வொரு நாளும் எல்லாரும் காண்கின்றனர். சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் அதனை வீட்டுக்குக் கொண்டுவர நாணுவோர், அதே துணி ஜப்பானியப் பெயரோடு கண்ணாடிப் பேழையில் வீற்றிருந்தால் நூறு வெள்ளி கொடுப்பர்.

பணம் செலவிட வேண்டிய இடம் ஒன்றுண்டு, அது அரைவை. அரைத்த தூள் சில நாள்களிலேயே மணத்தை இழக்கும். கொட்டையாக வைத்தால் சில வாரம் தாங்கும். ஆகவே கையால் சுற்றும் அரைவைப் பொறி ஒன்றும், சமையலறைத் தராசு ஒன்றும் இருந்தால் இல்லத்தின் காப்பிச் சாலை நிறைவுறும். தேங்காய்ச் சட்னி அரைக்கும் மின் அரைப்பான் இதற்கு ஆகாது. அதன் கத்தி சில துணுக்குகளை மாவாக்கும், சிலவற்றைத் தொடாமலே விடும்.

செலவு மிகும் என்பர். மிகும், பொட்டலத்தைவிட நல்ல கொட்டை விலை கூடியதே. எனினும் 250 கிராம் கொட்டையில் கோப்பைக்கு 15 கிராமாகப் பதினாறு கோப்பை வடிக்கலாம். வார இறுதியில் குளிரூட்டிய கடையில் இருவர் இரண்டு கோப்பை குடித்துவிட்டு எழும்போது நீட்டப்படும் சீட்டோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பது ஆசிரியரின் கணக்கறிவுக்கு அரிய செயலன்று.

எஞ்சி நிற்பது நேரம் இல்லை என்னும் வாதம். காலை ஏழரைக்குள் பள்ளி வாயிலில் நிற்க வேண்டியவர் சொல்லும்போது அதற்கு வலிமை உண்டு. ஆயின் தாள் வழியே வடிக்க மூன்றரை நிமிடம். நீர் கொதிக்கும் நேரத்தில் கொட்டை அரைபட்டுவிடும். அதற்கும் இயலாதவர்க்குப் பித்தளை ஃபில்டர் இருக்கவே இருக்கிறது. இரவு விடைத்தாள்களைத் திருத்தி முடித்தபின் தூளை இட்டு, வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால், வீட்டார் உறங்கும் நேரத்தில் அது தானே சொட்டிக்கொண்டிருக்கும். விடியலில் பாலைக் காய்ச்சுவது மட்டுமே மிச்சம்.