முளைக்கும்வரை காத்திருப்போம்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி வருபவன் என்ற முறையில், அறிவியல் பாடம் குறித்து ஒரு கருத்தை இம்மலரின் வாயிலாகப் பெற்றோர்க்கும் சக ஆசிரியர்க்கும் முன்வைக்க விழைகின்றேன்.

விதை முளைத்தலைக் கற்பிக்க நாம் அனைவரும் கையாளும் முறை ஒன்றுண்டு. ஈரப் பஞ்சில் பச்சைப்பயற்றை இட்டு வைக்கின்றோம். இரண்டு மூன்று நாள்களில் முளை வெளிவருகின்றது, மாணவர் கைதட்டுகின்றனர், ஏட்டில் படம் வரைகின்றனர், அடுத்த வாரம் அப்பஞ்சு குப்பைத் தொட்டிக்குச் செல்கின்றது. இதில் தவறில்லை. ஆயினும், எல்லா விதைகளும் மூன்றே நாள்களில் பலன் தருவன என்ற எண்ணத்தையும் நம்மை அறியாமலே பிள்ளைகளின் உள்ளத்தில் விதைத்து விடுகின்றோமோ என நான் அஞ்சுவதுண்டு. ஆகவே, பயற்றோடு இன்னொரு விதையையும் கொடுப்போம் என்கின்றேன். அதுவே கெண்டிச் செடியின் விதை.

மலாய்க்காரர்கள் 'பெரியோக் கெரா', அதாவது குரங்குப் பானை என வழங்கும் இச்செடி நமக்கு அந்நியமானதன்று. தீபகற்பத்தின் தாழ்நிலச் சதுப்புகளிலும் கால்வாய்க் கரைகளிலும் இது இயல்பாக வளர்கின்றது. இலையின் நுனி நீண்டு, கொடிபோல் இறங்கி, மூடியுள்ள கெண்டியாக மாறுகின்றது. அதன் வழுக்கும் விளிம்பில் கால் வைத்த எறும்பு உள்ளே உள்ள நீரில் விழுந்து செரிக்கப்படுகின்றது. தழைச்சத்துக் குறைந்த மண்ணில் வாழும் செடி, அச்சத்தைப் பூச்சிகளிடமிருந்து பெறுகின்றது. இத்தகைய தாவரங்களைப் பற்றி டார்வின் 1875-ஆம் ஆண்டில் ஒரு தனி நூலே வெளியிட்டார். சபாவின் கினபாலு மலையில் வளரும் 'நெப்பந்தஸ் ராஜா' என்னும் வகையின் கெண்டி, இரண்டு லிட்டருக்கும் மேற்பட்ட நீரைக் கொள்ள வல்லது. உலகத் தாவரவியலார் கடல் கடந்து வந்து காணும் செல்வம், நம் வீட்டுப் பின்புறக் கால்வாயருகே நிற்கின்றது.

இச்செல்வத்திற்கு நானே தீங்கிழைத்திருக்கின்றேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன். இளம் ஆசிரியனாக இருந்த நாளில், அறிவியல் கண்காட்சிக்காகக் கெண்டிச் செடிகளைக் கொண்டுவருமாறு மாணவர்களைப் பணித்தேன். அவர்களும் பத்துப் பன்னிரண்டு செடிகளை வேரோடு பிடுங்கி வந்தனர். அவற்றைத் தோட்ட மண்ணில் நட்டு, நன்கு வளரட்டுமென்று உரமும் இட்டோம். ஒரு மாதத்திற்குள் அத்தனையும் கருகின. "ஐயா, நல்ல சாப்பாடுதானே கொடுத்தோம்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அன்று என்னிடம் விடையில்லை. வறிய மண்ணுக்குப் பழகிய வேரை உர உப்பு கெடுத்துவிடும் என்பதைப் பின்னரே அறிந்தேன். செம்பனை நடுவதற்காக அக்கால்வாய்க் கரையும் சில ஆண்டுகளில் திருத்தப்பட்டது. செடிகளை மீண்டும் அங்கே நட்டுக் கழுவாய் தேடும் வாய்ப்பும் எனக்கு இல்லாமற் போயிற்று.

எனவேதான், பிடுங்காதீர்கள், விதையுங்கள் என்கின்றேன். இச்செடியில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் செடியின் காய் பழுப்பு நிறமடைந்து வெடிக்கும் தறுவாயில், நிலத்துக்கு உரியவரின் இசைவோடு ஓரிரு காய்களை மட்டும் எடுத்தாற் போதும். எஞ்சியவை காற்றுக்கு உரியவை. வனக் காப்பகங்களில் கை வைத்தலாகாது. ஒரு காய்க்குள் நூல்போன்ற மெல்லிய விதைகள் மிகுதியாக இருக்கும். அவற்றை உடனே விதைத்தல் வேண்டும். முதன்முறை நான் விதைகளை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, நீண்ட விடுமுறைக்குப் பின் விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை.

விதைக்கும் முறை எளிது. கரிப்பாசியும் கழுவிய மணலும் கலந்து சிறு தொட்டியில் நிரப்புக. விதைகளை மேலே தூவுக. மூடிப் புதைக்க வேண்டா. மழைநீரை மென்மையாகத் தெளித்து, அடி வெட்டிய தெளிந்த நெகிழிப் புட்டியால் கவிழ்த்து, வெளிச்சம் மிகுந்த நிழலில் வைக்க. பூஞ்சை பிடியாதிருக்க அவ்வப்போது திறந்து காற்றுப் படச் செய்க. தட்டில் நீர் தேங்க விட்டால் ஏடிஸ் கொசு குடியேறும். ஆகவே அதில் கண்டிப்பு வேண்டும். உரம் அறவே கூடாது.

அதன்பின் செய்ய வேண்டியது காத்திருத்தல் ஒன்றே. எங்கள் இரண்டாம் முயற்சியில் ஏழாம் வாரத்தில்தான் முதற் பசுமை தென்பட்டது. அதுவரை நாள்தோறும் ஏட்டில் "மாற்றம் இல்லை" என்று மாணவர் எழுதி வந்தனர். அவ்வாறு எழுதியதும் அறிவியலே என்பது என் துணிபு. பிறகு எள்ளளவான கெண்டி ஒன்று தோன்றியபோது, உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு வகுப்பே வரிசையில் நின்றது.

இருபது முப்பது வெள்ளிக்குச் செடிக்கடையில் வளர்ந்த செடியே கிடைக்குமே என்பார் உண்டு. கிடைக்கும். ஆனால் வாங்கிய செடி வேடிக்கைப் பொருள். முளைக்க வைத்த செடி பொறுப்பு. பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்பாரும் உண்டு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. அவசரத்திற்குத் தேர்வைக் காரணமாகக் காட்டும் பழக்கத்தை மட்டும் நாம் இன்னும் நீக்கவில்லை.

மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளி என்று நம்மைச் சிலர் இரக்கத்தோடு பார்க்கின்றனர். அக்குறைவே இங்கு நமக்கு வாய்ப்பாகின்றது. பிள்ளைக்கொரு தொட்டி கொடுக்க நம்மால் இயலும். கெண்டிச் செடி நன்கு வளரச் சில ஆண்டுகள் ஆகும். தொடக்கப்பள்ளி வாழ்வும் ஆறு ஆண்டுகள். முதலாம் ஆண்டில் விதைத்த பிள்ளை, ஆறாம் ஆண்டில் தன் செடியை அடுத்து வரும் பிள்ளையிடம் ஒப்படைத்துச் செல்லட்டும். சென்ற ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற மாணவி ஒருத்தி, இன்றும் மாலையில் வேலியருகே நின்று, "ஐயா, என் செடி எப்படி இருக்கிறது?" என்று கேட்கின்றாள். மதிப்பெண் ஏட்டில் இதற்கு இடமில்லை. ஆயினும், நான் கற்பித்தவற்றுள் நிலைத்தது எது என்று கேட்பார்க்கு அவள் கேள்வியையே விடையாகக் காட்டுவேன்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தொட்டியேனும் வைப்போம். பெற்றோர் மழைநீரைச் சேர்த்துத் தருக. முளைக்கும்வரை நாமும் பிள்ளைகளோடு காத்திருப்போம்.

— தலைமையாசிரியர்