பிசினஸ் கிளாஸும் கெண்டைக்காலும்



விடுமுறைக்கு ஊருக்குப் போக ஆயத்தமாகும் பலர் தடுப்பூசி பற்றியும் வயிற்றுப்போக்கு மாத்திரை பற்றியும் கேட்டு எங்கள் சேர்ஜரிக்கு வருகிறார்கள். கொழும்புக்கு நேரடியாகப் பறந்தாலும் ஏறத்தாழ 11 மணிநேரம் ஓர் ஆசனத்தில் இருக்கப்போகிறோமே, அதற்கு என்ன ஆயத்தம் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இம்முறை அதைப்பற்றி எழுத எண்ணினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற தடவை ஊருக்குப் போனபோது என் வாழ்க்கையில் முதன்முறையாகப் பிசினஸ் கிளாஸில் போனேன்.

பிள்ளைகள் இருவரும் உழைக்கத் தொடங்கியபின் காசு சேர்த்து எங்கள் இருவருக்கும் எடுத்துத் தந்த ரிக்கற் அது. "இந்தக் காசுக்கு ஊரில் ஒரு கிணறு வெட்டலாமே பிள்ளை" என்று சொல்லிப் பார்த்தேன். "அப்பா, ஒருக்காலாவது காலை நீட்டிக்கொண்டு போங்கோ" என்றாள் மகள். அதற்குமேல் மறுக்க மனம் வரவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே

ஹீத்ரோவில் லவுஞ்ச் வாசலில் எங்கள் பெயரைப் பார்த்துச் சிரித்த முகத்துடன் உள்ளே அனுப்பினார்கள். மெத்தைக் கதிரைகள், பத்திரிகைகள், குளிக்கும் அறை, சுடச்சுடச் சாப்பாடு, விரும்பிய குடிவகை எல்லாம் இருந்தன. எதற்கும் காசு கேட்கவில்லை. "இதெல்லாம் நாங்கள் எடுக்கலாமோ?" என்று மனைவி என் காதுக்குள் கேட்டார். மற்றவர்கள் எடுப்பதை இரண்டு தரம் நின்று பார்த்துவிட்டுத்தான் நானும் தட்டைத் தூக்கினேன்.

1989ஆம் ஆண்டு இறுதியில், 20 வயதில், ஏஜென்சிக்காரர் தந்த கடவுச்சீட்டுடன் இந்த நாட்டுக்கு வந்தவன் நான். வழியில் ஒரு விமான நிலையத்தில் 14 மணிநேரம் ஒரே கதிரையில் இருந்தேன். எதிரே பாற்கண்ணாடி போட்ட கதவொன்று இருந்தது. கோட் போட்டவர்கள் அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். குடிவரவு அதிகாரிகளின் கந்தோர் என்று நினைத்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே தவிர்த்தேன். அது லவுஞ்ச் என்பது பல வருடங்கள் கழித்தே விளங்கியது.

விமானத்தில் எனக்குக் கிடைத்தது நடு ஆசனம். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவிலிருந்து திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் தம் உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டிய செய்தி எங்கள் எல்லோர் மனதிலும் இருந்த காலம். எழும்பினால் யாரும் கவனித்துவிடுவார்களோ என்ற பயத்தில் ரொயிலற்றுக்குப் போகவில்லை. போக வேண்டி வந்துவிடும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. அன்று என் கால்களுக்கு ஒன்றும் நேராதது இளமையின் தயவு.

இத்தனை வருடம் கழித்து, வைத்தியரான பிறகு, நான் என்ன செய்தேன் தெரியுமா? லவுஞ்சில் வயிறு முட்டச் சாப்பிட்டேன். வைன் இரண்டு கிளாஸ் குடித்தேன். விமானத்தில் ஆசனம் கட்டிலாக விரிந்ததும் ஆறு மணிநேரம் மரக்கட்டை போலக் கிடந்து நித்திரை கொண்டேன். பயணத்துக்கென்று வாங்கிய இறுக்கமான சொக்ஸ் பெட்டிக்குள் போய்விட்டது. கட்டுநாயக்காவில் இறங்கும்போது இரண்டு கணுக்காலும் வீங்கிச் சப்பாத்து ஏற மறுத்தது. "சனத்துக்குச் சொல்லுற புத்தி உங்களுக்கில்லையோ?" என்றார் மனைவி. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

துலா மிதித்தால்தான் தண்ணீர் வரும்

இரண்டு காலும் ஒரேயளவில் வீங்குவது நீண்ட பயணத்தில் பலருக்கும் வருவது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வற்றிவிடும். நாங்கள் அஞ்சுவது காலின் ஆழத்திலுள்ள நாளத்தில் குருதி உறைவதற்கு. டி.வி.ரி. என்று சொல்வது அதைத்தான்.

காலுக்கு இறங்கிய குருதி மீண்டும் மேலே ஏற வேண்டும். இதயம் மட்டும் அதை இழுத்துவிடாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி நாளத்தைப் பிழிந்து குருதியை மேலே தள்ளுகிறது. எங்கள் ஊர்த் துலாக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். துலாவில் ஆள் நடந்தால்தான் தண்ணீர் மேலே வரும். ஆள் நின்றுவிட்டால் பட்டை கிணற்றுக்குள்ளேயே கிடக்கும். அசையாமல் இருக்கும் காலிலும் அப்படித்தான் குருதி தேங்குகிறது. தேங்கிய குருதி சிலருக்கு உறைகிறது. உறைந்த கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இது விமானத்தோடு வந்த நோயும் அல்ல. 1940இல் லண்டனில் ஜேர்மன் குண்டுவீச்சு நடந்தபோது பதுங்கிடங்களில் இரவு முழுவதும் சாய்மனைக் கதிரைகளில் இருந்தவர்கள் சிலர் திடீரென இறந்தார்கள். நுரையீரலில் குருதிக்கட்டி அடைத்ததே காரணம் என்று கீத் சிம்சன் என்ற வைத்தியர் அதே ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். கதிரையின் முன்விளிம்பு தொடையின் கீழ்ப்பகுதியை அழுத்தியதை அவர் சுட்டிக்காட்டினார். 1954இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹோமன்ஸ், விமானப் பயணம் உட்பட நீண்ட நேரம் இருப்பதால் இது வருவதை விவரித்தார். 1988இல் லான்செட்டில் வந்த ஒரு கட்டுரைக்குப் பிறகு 'எக்கொனமி கிளாஸ் நோய்' என்ற பெயர் பிரபலமானது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவுஸ்திரேலியாவிலிருந்து லண்டன் வந்திறங்கிய இளம்பெண் ஒருவர் இதனால் இறந்தபோது நாடே அதைப்பற்றிக் கதைத்தது.

பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெயர் பிழையானது என்பதே என் கருத்து.

வகுப்பா, அசைவா?

உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, நான்கு மணிநேரத்துக்கு மேற்பட்ட பயணத்தின் பின் இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. சுகதேகிகளில் அது 6000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். ஆகவே பீதியடையத் தேவையில்லை. ஆனால் அந்த ஆய்வு விமானத்தை மட்டும் குற்றம் சொல்லவில்லை. கார், பஸ், ரயில் எதில் அசையாமல் இருந்தாலும் அதே கதைதான். 2012இல் அமெரிக்க நெஞ்சுநோய் வைத்தியர்கள் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டியும், எக்கொனமியில் இருப்பதால் மட்டும் இது வருகிறது என்பதற்கு ஆதாரமில்லை என்றது. ஜன்னலோர ஆசனம்தான் ஆபத்தைக் கூட்டுகிறது என்றது. காரணம் சாதாரணமானது. ஜன்னலோரம் இருப்பவர் அடிக்கடி எழும்புவதில்லை.

முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் சுவாசிப்பது ஒரே காற்றைத்தான். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 6000 முதல் 8000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. நுவரெலியாவில், அல்லது அதற்கும் மேலே போய் இருப்பதற்குச் சமம். இதய நோயும் நெஞ்சு நோயும் உள்ளவர்களுக்கு அது எந்த வகுப்பிலும் ஒன்றுதான்.

அப்படியானால் அந்த விலை கூடிய ஆசனத்தில் உடம்புக்கு உண்மையில் நன்மையானது எது? கட்டிலும் இல்லை, வைனும் இல்லை. எழும்ப நினைத்தால் எழும்பலாம், யாரையும் தாண்டத் தேவையில்லை, யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்பதுதான். அந்தச் சுதந்திரம் இருந்தும் நான் அதைப் பாவிக்கவில்லை.

"எழுப்ப மனம் வரேல்லை"

சில வருடங்களுக்கு முன் 68 வயது அம்மா ஒருவரை மகன் என்னிடம் கூட்டி வந்தார். கொழும்பிலிருந்து வந்து ஐந்து நாள். இடது கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது. உப்புக் கூடின சாப்பாடு என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். குருதிக்கட்டிதான். மருந்தில் சுகமானார்.

ஜன்னலோர ஆசனத்தில் வந்த அந்த அம்மா ஒரு தடவைகூட எழும்பவில்லை. ஏன் என்று கேட்டேன். "பக்கத்தில இருந்த பிள்ளை நல்ல நித்திரை தம்பி. எழுப்ப மனம் வரேல்லை. அதுதான் தண்ணியும் குடிக்கேல்லை" என்றார்.

இந்த அம்மாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அவர் இருக்கிறார். ரொயிலற் கதவைத் திறக்கத் தெரியாவிட்டால் வெட்கம், வீல்செயர் கேட்டால் 'ஏலாத சீவன்' என்று நினைப்பார்கள் என்ற கூச்சம். இன்னொன்றும் உண்டு. 1.6 மீற்றருக்குக் குறைந்த உயரமுள்ளவர்களுக்கு ஆபத்துக் கூட என்று அந்த 2007ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. எங்கள் அம்மாமாரில் பெரும்பாலானோர் அந்த உயரத்துக்குக் கீழேதான். கால் தரையில் முட்டாமல் தொங்க, ஆசன விளிம்பு தொடையை அழுத்துகிறது. 1940ஆம் ஆண்டுக் கதிரையின் அதே கதை.

செய்ய வேண்டியவை

1. பெற்றோருக்கு நடைபாதை ஓர ஆசனம் எடுங்கள். அதற்குக் காசு கேட்டாலும் கொடுங்கள். செலவழிக்கும் காசில் மிகவும் பிரயோசனமானது அதுதான்.

2. மணிக்கொரு தடவை எழும்பி நடக்கச் சொல்லுங்கள். இருக்கும்போதும் குதியையும் விரல்களையும் மாறிமாறி உயர்த்த வேண்டும். கால் முட்டாதவர்கள் சிறிய பையொன்றைக் காலுக்குக் கீழே வைக்கலாம்.

3. தண்ணீர் குடிக்க வேண்டும். மதுவும் நித்திரைக் குளிசையும் அசையாத நித்திரையைத் தருபவை. தவிர்ப்பது நல்லது.

4. கர்ப்பிணிகள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், கருத்தடை அல்லது ஹோர்மோன் மாத்திரை எடுப்பவர்கள், மிகவும் உடல் பருத்தவர்கள், முன்பு குருதிக்கட்டி வந்தவர்கள் பயணத்துக்கு முன் வைத்தியரைக் கேளுங்கள். முழங்கால் வரையான இறுக்கச் சொக்ஸ் உதவும். ஆனால் சலரோகத்தால் கால் இரத்தோட்டம் குறைந்தவர்கள் கேட்காமல் போடக்கூடாது. இதற்கென்று நீங்களாக அஸ்பிரின் போடவும் வேண்டாம்.

5. இன்சுலினும் மாத்திரைகளும் கைப்பையில் இருக்க வேண்டும். லவுஞ்ச் சாப்பாடு இலவசம் என்றாலும் சீனியின் அளவு இலவசமாகக் குறையாது.

6. வீல்செயர் உதவி வேண்டுமென்றால் 48 மணிநேரத்துக்கு முன் விமான நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அது சட்டப்படி இலவசம்.

7. கட்டுநாயக்காவில் இறங்கிய கையோடு வானில் ஏறி யாழ்ப்பாணம் போவது எங்கள் வழக்கம். அது இன்னும் ஆறேழு மணிநேர இருப்பு. இரண்டு மணிக்கொரு தடவை வானை நிறுத்தி எல்லோரும் இறங்கி நடவுங்கள்.

பயணம் முடிந்து சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். திடீரென மூச்செடுக்கக் கஷ்டம், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுநோ, சளியில் இரத்தம் என்றால் காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.

முடிவாக

பிசினஸ் கிளாஸில் போவது பிழையென்று நான் சொல்லவரவில்லை. வசதியுள்ளவர்கள் போகலாம். ஆனால் கந்தோர்ப் பயணங்களில் சேர்ந்த புள்ளிகளைக் கொண்டு மகன் முன்னால் படுத்துக்கொண்டு வர, முழங்கால் நோவோடு தாய் பின்வரிசையின் நடு ஆசனத்தில் வருவதையும் கண்டிருக்கிறேன். ஒரு நல்ல ஆசனம்தான் கிடைக்குமென்றால் அது அவருக்குரியது. கடனட்டையில் கடன்பட்டு எடுக்கவும் தேவையில்லை. எடுத்துக் கொடுக்க முடியவில்லையே என்று கவலைப்படவும் தேவையில்லை. உடம்புக்கு வேண்டியது எக்கொனமியிலும் உண்டு.

பயணத்துக்கு முதல் நாள் அம்மாவுக்கு, அப்பாவுக்கு ஒரு ரெலிபோன் எடுங்கள். பக்கத்தில் இருப்பவர் நித்திரையென்றாலும் எழுப்பலாம், அது பிழையில்லை என்று சொல்லுங்கள். "எக்ஸ்கியூஸ் மீ" என்ற இரண்டு சொல்லையும் சொல்லிக்கொடுங்கள். திரும்பி வரும்போது நான் ஒவ்வொரு மணிக்கும் எழும்பி நடந்தேன். இரண்டாம் தரம் போனபோது விமானப் பணிப்பெண் "ஏதாவது வேண்டுமா ஐயா?" என்று கேட்டார். "ஒன்றும் வேண்டாம், சும்மா நடக்கிறேன்" என்றேன். 1989இல் அதைச் சொல்ல எனக்குத் துணிவு இருக்கவில்லை.

உங்கள் பயணங்கள் சுகமாக அமையட்டும்.