தொட்டி நிறைந்தும் குழாய் வறண்டால்...



மாடித் தொட்டி நிறைந்திருக்கிறது. சமையலறைக் குழாயிலோ சொட்டு நீரில்லை. ஆம்பூரானாலும் வேலூரானாலும் இத்துன்பத்தை அறியாத இல்லத்தரசி அரிது. சுவரை உடைக்க ஆள் அழைக்குமுன் காரணத்தைச் சற்றே ஆராய்வோம்.

தொட்டி முற்றும் வறண்டால் குழாய்க்குள் காற்று புகும். மீண்டும் நீர் நிரப்பும்போது, குழாய் மேடாக வளையுமிடத்தில் அக்காற்று சிறைப்படும். பத்தடி உயரத் தொட்டியின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.3 கிலோவே, அது காற்றைத் தள்ளப் போதாமற் போகலாம். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடேற்றும் ரேடியேட்டர்களும் இதே காரணத்தால் நிரம்பாதுபோவதுண்டு; அவற்றின் மேல்முனைத் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவர்.

நாம் செய்ய வேண்டியது எளிது. முதலில் எல்லாக் குழாய்களையும் திறந்து பாருங்கள். பயனில்லையேல், மற்றவற்றை மூடிவிட்டு, மோட்டார் நீர் வரும் குழாயிலிருந்து ரப்பர் குழாய் வழியே வறண்ட குழாய்க்குள் சிறிது நேரம் நீரைச் செலுத்துங்கள். காற்று தொட்டி வழியே வெளியேறும். நகராட்சிக் குழாயை இவ்வாறு இணைக்கலாகாது; தொட்டி நீர் பொதுக் குழாயில் கலக்கக்கூடும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், நீர்மட்டத்திற்கு மேல் உயரும் காற்றுக்குழாய் ஒன்றைப் பொருத்தினால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும்.

அதன்பின்னும் நீர் வராவிடில் உப்புப் படிவு அடைத்திருக்கலாம். தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் பகுதி நிலத்தடி நீரைக் கெடுத்ததை 1996-இல் உச்ச நீதிமன்றமே கண்டித்ததன்றோ?

சிறைப்பட்ட சிறிது காற்று நிறைந்த தொட்டியின் நீரைத் தடுக்கிறது. உள்ளத்தில் அடைபட்ட அகந்தையும் இறையருளை அவ்வாறே தடுக்கும். திறந்து வைப்போம்.